ஆறு ஆறு எட்டு ஆறு

கமலாக்ஷிக்கு எதையும் சட்டென்று முடிவு செய்ய வராது. புடவைக் கடையில் ஒரு புடவையைக் கையில் எடுத்தாளானால், விற்கிற பெண் சாப்பிடப் போய்த் திரும்பி வந்த பிறகும் அதே புடவை அதே கையில் இருக்கும். கல்யாணத்துக்குச் சம்மதம் சொல்லவே ஒரு மழைக்காலம் எடுத்துக்கொண்டாள். அதற்குள் கிருஷ்ணபிரசாத் கொச்சியிலிருந்து கோயம்புத்தூருக்கு நாலைந்து தடவை வந்து, அவள் வீட்டுக் கேசரியைச் சாப்பிட்டுவிட்டு, பதில் கிடைக்காமல் ரயிலேறியிருந்தான். கடைசியில் அவள் சரி என்றபோது, எதற்குச் சரி என்கிறாள் என்று அவனுக்கே சற்று நேரம் விளங்கவில்லை.

இப்படிப்பட்டவளுக்குப் போய் சதுரங்கம் பிடித்துப்போயிற்று. அப்பாவிடம் கற்ற ஆட்டம். கல்லூரியில் படிக்கும்போது மாவட்டப் போட்டி ஒன்றுக்குப் போனாள். மூன்றாவது காயை நகர்த்தலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கையில் கடிகாரத்தில் அவள் நேரம் தீர்ந்துவிட்டது. எதிரே இருந்த பெண் ஜெயித்ததற்காக மன்னிப்புக் கேட்டாள். அன்றோடு கடிகாரம் வைத்து ஆடுவதைக் கமலாக்ஷி விட்டாள். கொச்சியின் மட்டாஞ்சேரிக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, மகள் படித்து முடித்து வேலைக்கு ஹைதராபாத் போன பிறகு, தபால் கார்டில் சதுரங்கம் ஆடுகிறவர்களின் சங்கம் ஒன்று இன்னும் உயிரோடு இருக்கிறது என்று கேள்விப்பட்டு அதில் சேர்ந்தாள்.

அந்தச் சங்கத்தில் எல்லாம் அவளுக்காகவே செய்தது போல இருந்தது. ஒரு காயை நகர்த்த ஒரு வாரம் யோசிக்கலாம். கட்டங்களுக்கெல்லாம் எண் உண்டு. எந்தக் கட்டத்திலிருந்து எந்தக் கட்டத்துக்கு என்று நான்கு இலக்கங்களைக் கார்டில் எழுதிப் போட்டால் போதும். கம்ப்யூட்டரைக் கேட்கக் கூடாது. கேட்டால் யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. ஆனாலும் கேட்கக் கூடாது. கமலாக்ஷி கேட்கவில்லை, அதனால் ஆடிய ஆட்டமெல்லாம் தோற்றாள். தோற்பதையும் நிதானமாகத் தோற்றாள். அவளுடைய ரேட்டிங் ஆயிரத்து நூற்றுச் சொச்சம். சங்கத்தின் பட்டியலில் அவளுக்குக் கீழே இருந்தவர் காலமாகிவிட்டவர்.

உறுப்பினர்கள் குறைந்துகொண்டே வந்ததால் ஒரு வருஷம் சங்கத்தார் பட்டியலின் தலைமாட்டுக்காரரையும் கால்மாட்டுக்காரரையும் ஒரே பானையில் போட்டுச் சீட்டுக் குலுக்கினார்கள். கமலாக்ஷிக்கு வாய்த்தவர் நாக்பூரில் இருந்த வீரபாண்டி. ரயில்வேயில் சிக்னல் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். ரேட்டிங் இரண்டாயிரத்து முந்நூறை எட்டித் தொடுகிற ஆள். இரண்டாயிரத்துக்குக் கீழே இருப்பவர்களிடம் அவர் தோற்றது இருக்கட்டும், டிரா செய்ததுகூட இல்லை என்று சங்கத்துச் செய்தி மடலில் பெட்டி கட்டிப் போட்டிருந்தார்கள். கமலாக்ஷி அதைப் படித்து, நல்லது, சீக்கிரம் முடிந்துவிடும் என்று நினைத்துக்கொண்டாள்.

சீக்கிரம்தான் முடிந்திருக்கும். மழை விட்ட ஒரு மாதத்தில் அவள் நிலைமை வேர்விட்ட சுவர் போல ஆகிவிட்டிருந்தது. இன்னும் நாலு கார்டு, மிஞ்சினால் ஐந்து. அந்த நேரத்தில் அவள் வேலை செய்யும் பல் மருத்துவமனையில் மேஜை இழுப்பறைக்குள் வலது கை விரல் சிக்கி நசுங்கியது. டாக்டர் மாளவிகா தன் கையாலேயே பெரிய கட்டாகப் போட்டுவிட்டாள். கார்டு எழுத முடியாது. அடுப்படியில் நின்றுகொண்டே, கூடத்தில் விரித்திருந்த பலகைக்கு முன்னால் கணவனை உட்கார வைத்து, "ஆனையால குதிரையை வெட்டறதா எழுதிடுங்கோ" என்றாள்.

கிருஷ்ணபிரசாத் எழுதினான். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்த் தபால் பெட்டியிலும் போட்டுவிட்டு வந்தான்.

கோயம்புத்தூரில் சதுரங்கம் கற்றவர்களுக்கு ஆனை என்றால் மூலையில் நிற்கிற, நேராகப் போகிற காய். கொச்சியில் மலையாளப் பள்ளிக்கூடத்தில் கற்றவர்களுக்கு அந்தக் காயின் பெயர் தேர். அவர்களுக்கு ஆனை என்பது குறுக்கே போகிற காய். கமலாக்ஷி அதை மந்திரி என்பாள். இருபத்தைந்து வருஷமாக ஒரே வீட்டில் ஒரே பலகை இருந்தும், இருவரும் ஒரு தடவைகூட எதிரெதிரே உட்கார்ந்து ஆடாததால் இந்த விஷயம் வெளியே வரவே இல்லை. குதிரையை இரண்டு காய்களுமே வெட்ட முடியும் என்கிற இடமாக அது அமைந்துவிட்டதுதான் கூத்து.

மறுநாள் பலகையைப் பார்த்துக் கமலாக்ஷி கேட்டபோது அவன் குற்றம் எதுவும் உணரவில்லை.

"நீ ஆனைன்னு சொன்னாய், நான் ஆனையை எடுத்தேன். தேர்னு சொல்லியிருந்தா தேரை எடுத்திருப்பேன். நேக்கு எந்தாக்கும் தெரியும்?"

"ஆனை நேராப் போகும்னு ஊர் உலகத்துக்கே தெரியும்."

"எந்த ஊர்ல?" என்றான் அவன். அதற்குப் பதில் சொல்ல அவளுக்கு இரண்டு நாள் பிடித்தது. அதற்குள் சண்டை ஆறிப்போயிருந்தது.

தபாலில் போட்ட நகர்வு போட்டதுதான் என்பது சங்கத்தின் விதி. வீரபாண்டி அந்த மந்திரியை வெட்டினார். இவள் வேறு எதையோ வெட்டினாள், அவர் இன்னொன்றை வெட்டினார். தீபாவளி கழிவதற்குள் பலகையில் காய்கள் உதிர்ந்து, மிஞ்சியது இவ்வளவுதான்: வீரபாண்டியிடம் ராஜாவும் ராணியும், இவளிடம் ராஜா, அன்றைக்குத் தப்பிப் பிழைத்த யானை, ஒரே ஒரு சிப்பாய்.

சிப்பாய் ஆட்டம் தொடங்கிய இடத்திலேயே நின்றது. ராஜா அதன் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டது. சிப்பாய்க்கு முன்னால் சாய்வாக இடப்பக்கம் ஒரு கட்டம், வலப்பக்கம் ஒரு கட்டம். இரண்டுக்கும் அதுவே காவல். யானை இந்தக் கட்டத்தில் நின்றாலும் அந்தக் கட்டத்தில் நின்றாலும் ராணி அதை வெட்ட முடியாது. வெட்டினால் சிப்பாய் ராணியை வெட்டிவிடும். கமலாக்ஷி இதை ஒரு வாரம் பார்த்துக்கொண்டிருந்தாள். யானையை இந்தக் கட்டத்திலிருந்து அந்தக் கட்டத்துக்கு வைத்தாள். அடுத்த தடவை அந்தக் கட்டத்திலிருந்து இந்தக் கட்டத்துக்கு. செக் வைத்தால் ராஜாவை ஓரடி நகர்த்திவிட்டு மறுபடி யானை. எப்படிப் பார்த்தாலும் ராணிக்கு உள்ளே வர வழி இல்லை. கார்டில் 6686 என்று எழுதினாள். பிறகு 8666. பிறகு 6686.

அவளுக்கு அது மிகவும் பிடித்திருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒன்றும் முடிவு செய்யாமல் இருப்பதே சரியான காரியமாக அமைந்திருந்தது.

விஷயம் தெருவுக்குப் போனது கிருஷ்ணபிரசாத்தால். அவனுக்குக் கொச்சங்காடியில் ஃபிளெக்ஸ் அச்சடிக்கிற கடை. யார் வீட்டிலாவது பத்தாம் வகுப்பில் பிள்ளை தேறினால், வெளிநாட்டிலிருந்து யாராவது வந்தால், யாராவது திரும்பிப் போனால், முச்சந்தியில் அவர்கள் முகம் பெரிதாகத் தொங்கும். நாக்பூர் சிங்கத்தை மனைவி மூன்று மாதமாக உள்ளே விடவில்லை என்று அவனுக்குத் தெரிந்ததும், கடையில் வேலை இல்லாத ஒரு மத்தியானத்தில், கமலாக்ஷியின் ஆதார் அட்டைப் புகைப்படத்தை ஆளுயரத்துக்குப் பெருக்கி, பின்னால் ஒரு புலியையும் சேர்த்து அச்சடித்தான். 'மட்டாஞ்சேரியின் பெருமை' என்று மலையாளத்தில் மேலே, தமிழில் கீழே. தமிழில் 'சதுரங்க வீராங்கணை' என்று எழுத்துப்பிழையோடு இருந்தது. இரண்டையும் படிக்கத் தெரிந்த ஒரே ஆளான கமலாக்ஷி அந்த வழியாகப் போவதையே நிறுத்திவிட்டு, சுற்றுவழியில் வேலைக்குப் போனாள்.

முச்சந்தியில் யூசுப்பின் சாயாக் கடை. யூசுப் கீழக்கரைக்காரன், கொச்சிக்கு வந்து பத்து வருஷமாகிறது. பழம்பொரி வைக்கிற கண்ணாடிப் பெட்டியின் மேல் ஒரு சதுரங்கப் பலகையை வைத்து, நாக்பூர் கார்டு வந்ததும் ராணியையும், கமலாக்ஷி பதில் போட்டதும் யானையையும் நகர்த்தி வைத்தான். சாயா குடிக்க வந்தவர்கள் பலகையைப் பார்த்தபடி நின்றார்கள். முதலில் வியந்தார்கள். ஒரு மாதம் போனது. யானை அங்கேயும் இங்கேயும் போய்க்கொண்டிருந்தது. அப்புறம் அவர்களுக்குப் பொறுக்கவில்லை.

மட்டாஞ்சேரியில் எந்த விஷயத்திலும் கருத்து இல்லாதவன் என்று ஒருவன் கிடையாது. தேரை நகர்த்து என்றது ஒரு கூட்டம். யானையை நகர்த்து என்றது தமிழ்க் கூட்டம். இரண்டும் ஒரே காய்தான் என்று தெரியவே ஒரு வாரச் சண்டை நடந்தது. ஆட்கள் பல் மருத்துவமனைக்கே வந்து கமலாக்ஷியிடம் யோசனை சொன்னார்கள். டாக்டர் மாளவிகா, நோயாளிகள் அல்லாதவர்கள் உள்ளே வரக் கூடாது என்று பலகை மாட்டினாள். அதற்குப் பிறகு கூட்டம் சீட்டு வாங்கிக்கொண்டு வந்தது. நல்ல பல்லைக் காட்டி, வலிக்கிறது என்று சொல்லி, சுத்தம் செய்துகொண்டு, போகிற போக்கில் ராஜாவை எங்கே வைக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் உண்டு.

ஒரு நாள் சுமைத் தொழிலாளர் சங்கத்தின் கிளைச் செயலாளர் சுப்புராஜ் நான்கைந்து பேரோடு வந்தான். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து இருபது வருஷமாக மிளகு மூட்டை சுமக்கிறவன். கன்னம் வீங்கிக் காத்திருந்தவர்களுக்கு நடுவில் நின்று, சட்டைப் பையிலிருந்து தீர்மானத்தை எடுத்துப் படித்தான். பிறகு அதை மடித்து வைத்துவிட்டுத் தன் வாயால் சொன்னான்.

"அக்கா, ஒரு தொழிலாளி ஒரு வருசமா ஒரே இடத்துல நின்னு ராஜாவுக்குக் காவல் காக்கான். ராஜா பின்னால சொகமா ஒளிஞ்சிருக்கான். இந்தச் சிப்பாய் முன்னேறிப் போனா ராணி ஆகலாம்னு ஆட்டத்துலயே சட்டம் இருக்கு. அவனுக்கு அந்த உரிமையை நீங்க குடுக்கணும்."

கன்னம் வீங்கியவர்கள் தலையாட்டினார்கள். கமலாக்ஷிக்கு அந்தப் பேச்சில் நியாயம் இருப்பது போலவே பட்டது. ஆனால் சிப்பாய் ஓரடி வைத்தாலும் காவல் குலைந்து, யானை வெட்டுப்பட்டு, நாலே கார்டில் ஆட்டம் முடிந்துவிடும் என்பதும் தெரிந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்றாள். சுப்புராஜ் அதை வெற்றியாக எடுத்துக்கொண்டு போனான்.

நாக்பூரிலிருந்து வந்த கார்டுகளும் மாறின. முதலில் நான்கு இலக்கமும் கையெழுத்தும் மட்டுமே இருக்கும். பிறகு கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி சேர்ந்தது. ஒரே நகர்வைத் திரும்பத் திரும்ப அனுப்புவது அலுக்கவில்லையா என்று கேட்டார். இன்னொரு தடவை, துணிச்சலான ஆட்டக்காரர்களைத்தான் சரித்திரம் நினைவில் வைத்திருக்கும் என்று எழுதினார். சீண்டுகிறார் என்பது கமலாக்ஷிக்குத் தோன்றவே இல்லை. நல்ல மனிதர், அக்கறையாக விசாரிக்கிறார் என்று நினைத்தாள். அலுக்கவில்லை, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், இங்கே மாங்காய் வரத்துத் தொடங்கிவிட்டது என்று பதில் எழுதி, 8666 என்று முடித்தாள்.

எந்தக் காயும் வெட்டுப்படாமல், எந்தச் சிப்பாயும் நகராமல் ஐம்பது நகர்வுகள் போய்விட்டால் ஆட்டம் டிரா. இது சதுரங்கத்தில் எல்லோரும் அறிந்த விதி. மட்டாஞ்சேரியில் கிருஷ்ணபிரசாத் மட்டும் அறியாமல் இருந்தான். அந்த ஐம்பதில் கடைசி ஒன்றுதான் பாக்கி என்ற சமயத்தில் யூசுப் பேச்சுவாக்கில் அதைச் சொன்னான். கிருஷ்ணபிரசாத் சாயா கிளாஸைக் கீழே வைத்தான்.

டிரா என்ற வார்த்தையே அவனுக்கு ஒப்பவில்லை. ஃபிளெக்ஸ் தொழிலில் டிராவுக்கு இடம் கிடையாது. தேறினவன் முகத்தைத்தான் அச்சடிக்கலாம். தேறவும் இல்லை தவறவும் இல்லை என்று ஒரு முகத்தை எப்படித் தொங்கவிடுவது? இரண்டு வருஷமாக ஒரு ஆட்டத்தை இழுத்து, முடிவில் யாருக்கும் ஒன்றும் இல்லை என்று அவர்கள் இருவரும் கார்டில் கைகுலுக்கிக்கொள்வதா? அதற்கு மேல் சுப்புராஜின் தீர்மானம் வேறு அவன் மனதில் வேலை செய்துகொண்டிருந்தது. யூசுப்பின் கடையில் நின்றபடியே கண்ணாடிப் பெட்டி மேல் இருந்த பலகையைப் பார்த்துக் கட்டங்களை எண்ணி, சிப்பாயை ஓரடி முன்னால் நகர்த்துவதாக ஒரு கார்டு எழுதினான். மனைவியின் கையெழுத்தைப் போட அவனுக்கு நன்றாகவே வரும். கேஸ் சிலிண்டர் வாங்கும்போதெல்லாம் அவன்தான் போடுவான். கார்டைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்து, கமலாக்ஷி எழுதி வைத்திருந்த கார்டைத் தான் போட்டுவிட்டதாகச் சொன்னான். அதை உண்மையில் சட்டைப் பையிலேயே வைத்திருந்தான்.

இரண்டு நாள் கழித்து, மத்தியான நேரத்தில், இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை அணிந்த ஒல்லியான மனிதர் ஒருவர் மருத்துவமனைக்குள் வந்தார். கமலாக்ஷி சீட்டுப் புத்தகத்தை இழுத்து வைத்துக்கொண்டு எந்தப் பல் என்று கேட்டாள்.

"பல்லெல்லாம் நல்லா இருக்கு. நான் வீரபாண்டி" என்றார்.

திருப்பூணித்துறையில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம், அதற்காக வந்தேன் என்றார். கல்யாணம் முடிந்து சட்டையில் சந்தனக் கறையோடு நேராக இங்கேதான் வந்திருக்கிறார் என்று தெரிந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் கண் மேஜை மேல் இருந்த கம்ப்யூட்டரின் மேல் இருந்தது. அதை ஒரு பார்வை பார்க்கலாமா என்று மரியாதையாகக் கேட்டார். கமலாக்ஷி திருப்பிக் காட்டினாள். அதில் நோயாளிகளின் பெயர்களும் கடைவாய்ப் பல் படங்களும் இருந்தன. ஒரு பொத்தானை அழுத்தினால் அடுத்த படம் வருவதற்குள் ஒருவர் வாய் கொப்பளித்துவிட்டு வந்துவிடலாம். வீரபாண்டி அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நேரில் ஓர் ஆட்டம் போடலாமா என்றார்.

டாக்டர் மாளவிகாவே இருவரையும் யூசுப்பின் கடைக்கு அனுப்பி வைத்தாள். யூசுப் கண்ணாடிப் பெட்டி மேல் இருந்த பலகையைத் தொடாமல், பக்கத்துக் கடையிலிருந்து வேறு பலகை வாங்கி வந்து பெஞ்சில் வைத்தான். சுப்புராஜ் மூட்டையைப் பாதி வழியில் இறக்கி வைத்துவிட்டு வந்தான். கிருஷ்ணபிரசாத் ஓடி வந்து செல்போனில் படம் எடுக்கத் தொடங்கினான். வந்தவரைக் காக்க வைக்கக் கூடாதே என்று கமலாக்ஷி வழக்கத்துக்கு மாறாக வேகமாக ஆடினாள்.

முதல் ஆட்டம் சாயா ஆறுவதற்குள் முடிந்தது. தோற்றாள். இரண்டாவது ஆட்டத்தில் ராணியைப் பறிகொடுத்தாள். மூன்றாவதில், தன் ராஜாவுக்கு மேட் ஆகியிருப்பது தெரியாமல், அடுத்து எதை நகர்த்தலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தாள். வீரபாண்டி தாழ்ந்த குரலில் ஆட்டம் முடிந்துவிட்டதைச் சொன்னார். ஜெயித்ததில் அவருக்கு ஒரு சந்தோஷமும் தெரியவில்லை. குழம்பிப் போயிருந்தார்.

படம் எடுத்துக்கொண்டிருந்த கிருஷ்ணபிரசாத்தின் கை தானாகக் கீழே இறங்கியது. அவன் இதுவரை மனைவியை ஜெயிக்கிறவளாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தான். ஜெயிக்கிறவள் ஏன் இத்தனை நாள் இழுக்கிறாள் என்பதுதான் அவனுடைய மனக்குறை. எதிரே உட்கார்ந்திருக்கிற மனிதர் எப்பேர்ப்பட்டவர், அந்த மனிதரைத்தான் இவள் இரண்டு வருஷமாக ஒற்றைச் சிப்பாயை வைத்துக்கொண்டு வாசலிலேயே நிறுத்தி வைத்திருக்கிறாள் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. அவளைச் சர்க்கரை டப்பாக்களுக்குப் பின்னால் அழைத்துக்கொண்டு போனான்.

"கமலா, ஒரு தப்பு நடந்து போச்சு. அந்தச் சிப்பாயை நான் நகர்த்திட்டேன். கார்டு நாக்பூருக்குப் போயாச்சு" என்றான். சட்டைப் பையிலிருந்து அவளுடைய கார்டை எடுத்து நீட்டினான். 6686 என்று அவள் கையெழுத்தில் இருந்தது.

கமலாக்ஷி அதை வாங்கிப் பார்த்தாள். கோபமா அழுகையா என்று அவளுக்கே பிடிபடவில்லை. வீரபாண்டிக்கு விஷயம் தெரியாது. ஊருக்குப் போய்க் கார்டைப் பார்த்ததும் தெரிந்துவிடும். கார்டு வழியில் தொலைந்தாலும் தொலையலாம். இப்போதே உண்மையைச் சொல்வதா, வேண்டாமா? வழக்கமாக இந்த மாதிரி ஒரு கேள்விக்கு அவளுக்குப் பத்து நாளாவது வேண்டும். அன்றைக்கு டப்பாக்களைச் சுற்றிக்கொண்டு பெஞ்சுக்கு வருகிற தூரமே போதுமாக இருந்தது. எதிரே உட்கார்ந்து, தன் கணவன் தனக்குத் தெரியாமல் சிப்பாயை நகர்த்திக் கார்டு போட்டுவிட்டான் என்று சொன்னாள்.

வீரபாண்டி கிருஷ்ணபிரசாத்தை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கண்ணாடிப் பெட்டி மேல் இருந்த பலகையைப் பார்த்தார்.

"தபால்ல போட்டது போட்டதுதான். உங்க பேர்ல வர்ற கார்டு உங்க கார்டு. விதி அப்படி" என்றார்.

தெரியும் என்றாள் கமலாக்ஷி.

அவர் உடனே எழுந்து போகவில்லை. இன்னொரு சாயா வாங்கிக்கொண்டார். கூட்டம் கலையத் தொடங்கிய பிறகு சொன்னார்:

"அம்மா, அது டிரான்னு எனக்கு மொத நாளே தெரியும். புஸ்தகத்துலயே இருக்கிற நிலை. உங்க ரேட்டிங்குக்கு அதைக் காப்பாத்த முடியாது, இன்னைக்கு இல்லாட்டி நாளைக்குத் தப்பு பண்ணுவீங்கன்னு இருந்தேன். வீட்டுக்காரி போன பிறகு காலைல எந்திரிக்கதே அந்தக் கார்டுக்காகத்தான். இன்னைக்குத் தப்பு பண்ணியிருப்பாங்கன்னு நினைச்சுக்கிட்டே தபால்காரரைப் பார்த்துக்கிட்டு இருப்பேன். நீங்க மாங்காய் பத்தி எழுதுவீங்க."

அலுத்துப் போயிருக்குமே சார் என்றாள் கமலாக்ஷி.

"அதைத்தானே நான் உங்களைக் கேட்டுக்கிட்டே இருந்தேன்" என்றார் அவர். கிளாஸை வைத்துவிட்டு ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார்.

மறுநாள் கிருஷ்ணபிரசாத் முச்சந்தி ஃபிளெக்ஸைத் தானே ஏணி வைத்து இறக்கினான். புலி உள்பக்கமாக வரும்படி சுருட்டி, அதைச் சுமந்துகொண்டு தெருவில் நடந்தபோது யாரும் அவனைக் கூப்பிடவில்லை. சுப்புராஜ் மட்டும், சிப்பாய்க்கு நீதி கிடைத்ததா என்று விசாரித்தான். கிடைத்தது என்று கிருஷ்ணபிரசாத் சொன்னான். அப்புறம் என்ன கவலை என்று சுப்புராஜுக்குப் புரியவில்லை. கமலாக்ஷி தோல்வியை ஒப்புக்கொண்டு அனுப்ப ஒரு கார்டை எடுத்து வைத்தாள். எந்த வார்த்தையில் எழுதுவது என்று தீர்மானிக்க முடியாமல் அது வெறுமையாகவே கிடந்தது.

அவள் எழுதி முடிப்பதற்குள் நாக்பூர் கார்டு வந்துவிட்டது. இந்தத் தடவை தமிழில் இருந்தது. வெகு காலமாகத் தமிழ் எழுதாதவரின் பெரிய பெரிய எழுத்து.

'உங்கள் பெயரில் வந்த கார்டில் 2223 என்று இருக்கிறது. 22-ஆம் கட்டத்தில் காய் எதுவும் இல்லை. செல்லாத நகர்வு. தொட்ட காயை நகர்த்தியாக வேண்டும் என்று விதி. ஆனால் தொட்டது காற்றை. சரியான நகர்வை அனுப்பவும். உங்கள் கணவர் என்ன நினைத்து எழுதினார் என்று எனக்குத் தெரியும். அவர் நினைத்ததோடு நான் ஆட முடியாது. கார்டில் உள்ளதோடுதான் ஆட முடியும்.'

கமலாக்ஷி கார்டை எடுத்துக்கொண்டு யூசுப்பின் கடைக்கு நடந்தாள். கண்ணாடிப் பெட்டி மேல் பலகை, வாடிக்கையாளர்களுக்கு நேராகத் தெரியவேண்டும் என்பதற்காக, கமலாக்ஷியின் கறுப்புக் காய்கள் முன்னால் இருக்கும்படி வைக்கப்பட்டிருந்தது. கட்டங்களின் எண் எப்போதும் வெள்ளைக் காய்களின் பக்கத்திலிருந்துதான் தொடங்கும். கறுப்புப் பக்கம் நின்று இடக்கையிலிருந்தும் கீழிருந்தும் எண்ணினால் ஒவ்வொரு கட்டமும் தலைகீழாகத்தான் வரும். கிருஷ்ணபிரசாத் எண்ணியது அப்படித்தான். பலகையின் மறுகோடியில், ஆள் அரவமற்ற ஒரு மூலையில், இல்லாத ஒரு சிப்பாயை அவன் ஓரடி முன்னால் நகர்த்தியிருந்தான்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பெஞ்சில் உட்கார்ந்து, புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். அக்காவுக்கு என்ன ஆனது என்று யூசுப் பயந்து தண்ணீர் கொண்டு வந்தான். அன்றைக்கே, அந்தப் பெஞ்சிலேயே, 6686 என்று எழுதினாள். கார்டைத் தன் கையாலேயே பெட்டியில் போட்டாள்.

டிரா என்று சங்கத்திலிருந்து முறைப்படி தகவல் வந்தது. வீரபாண்டியின் ரேட்டிங் சற்றே இறங்கியது, கமலாக்ஷியினுடையது ஏறியது. செய்தி மடலில் அச்சுப்பிழை என்று நினைத்துச் சிலர் சங்கத்துக்கு எழுதினார்களாம். தெருவில் செண்டை மேளம் வைத்து ஊர்வலம் விட்டார்கள். கமலாக்ஷியைத் திறந்த ஜீப்பில் நிற்க வைத்தார்கள். அவள் இறங்கலாமா வேண்டாமா என்று யோசித்து முடிப்பதற்குள் ஊர்வலம் கொச்சங்காடியைத் தாண்டியிருந்தது. சுமைத் தொழிலாளர் சங்கம் கலந்துகொண்டது. ஆனால் சிப்பாய் கடைசிவரை முன்னேற்றப்படவில்லை என்பதைக் கண்டித்துக் கறுப்புத் துணி அணிந்து கலந்துகொண்டது. கிருஷ்ணபிரசாத் ஜீப்புக்குப் பின்னால் நடந்து வந்தான். யாரோ அவனிடம், சேட்டா, ஜெயித்தது யார் என்று கேட்டார்கள். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, ரெண்டு பேரும் தோக்கலை என்று சொன்னான்.

பிறகு வீரபாண்டி, இன்னோர் ஆட்டம் ஆடலாமா என்று எழுதிக் கேட்டார். பதினேழே நகர்வில் கமலாக்ஷி தோற்றாள். தோல்வியை ஒப்புக்கொண்டு அவள் கார்டு போட்ட அன்று மாலை கிருஷ்ணபிரசாத் அவளை வாட்டர் மெட்ரோப் படகில் எர்ணாகுளத்துக்கு அழைத்துக்கொண்டு போனான். கடற்காற்று முகத்தில் அடித்தது. அடுத்த ஆட்டத்தில் வெள்ளைக் காய் தனக்கு, முதல் காயாக எதை நகர்த்தலாம் என்று அவள் கேட்டாள். அவன் கை இரண்டையும் கூப்பி, தனக்கு ஆனையும் தெரியாது தேரும் தெரியாது என்று சொல்லிவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.